இரண்டாவது கையெழுத்து

பிழை. வரி இருநூற்றுப் பன்னிரண்டு.
கம்பைலர் கோபப்படுவதில்லை,
கோபப்பட்டால்கூடத் தேவலை.
சிவப்பில் நாற்பது வரி புலம்பிவிட்டு
கடைசியில் ஒரே வாக்கியம்:
மாற்றும் வழி எதுவும் தெரியவில்லை.

டெச்சீன் நகரில் நவம்பர்.
ஜன்னலுக்குக் கீழே எல்பே
சரளைக்கல் ஏற்றிய படகொன்றை
ஜெர்மனிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது.
நான் எழுதுவது மதகுக்கு.
அதில் அறுபத்து நான்கு கதவு உணரிகள்,
ஒவ்வொன்றுக்கும் பேச்சு ஒரு பிட்:
மூடியிருக்கிறேன், அல்லது இல்லை.

கமில் விட்டுப்போன கிளாஸ் இது.
(பிராகாவில் இப்போது வங்கி வேலை, இரட்டைச் சம்பளம்.)
அறுபத்து நான்கையும் ஒரே எண்ணுக்குள்
சூட்கேஸ்மேல் உட்கார்ந்து பூட்டுகிறவன் மாதிரி
திணித்துவைத்திருக்கிறான்.
ஒற்றை பிட்டைத் தனியே எடுத்து நீட்ட முடியாது,
அதற்கு முகவரி கிடையாது.
ஆகவே பதினேழாவது கதவு எங்கே என்றால்
ஒரு பதிலி வந்து நிற்கிறது:
அவர் வரமாட்டார், எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள்.
கேட்டால் அவர் சொன்னதைச் சொல்லும்.
எழுதினால் கொண்டுபோய்ச் சேர்க்கும்.
நல்ல பதிலிதான், குறை சொல்லமாட்டேன்.

ஆனால் திறக்கும் ஃபங்ஷன் உள்ளே விடுவது
கதவுநிலை என்கிற ஆளை மட்டும்.
பதிலிக்கு மெய்-பொய்யாக மாறத் தெரியும்.
மெய்-பொய்க்குக் கதவுநிலையாக மாறத் தெரியும்.
இங்கிருந்து அங்கே, அங்கிருந்து அப்பால்,
எனக்குப் பாலம் தெரிகிறது.
கம்பைலருக்கு ஆறு மட்டும்.

மூன்று மணிக்கு அதை ஒரு மாறியில் வாங்கிவைத்தேன்.
வகையை நீயே ஊகித்துக்கொள் என்று
ஆட்டோ போட்டேன்.
சரியாகத்தான் ஊகித்தது.
மாறிக்குள் அதே பதிலி,
கால்மேல் கால் போட்டுக்கொண்டு.
பிழையும் அதேதான், வரி மட்டும்
இருநூற்றுப் பதின்மூன்று.

ஆறு மணிக்குக் குடியிருப்போர் கூட்டம்.
புது லிஃப்ட் போடுவதா,
பழையதை இன்னொரு குளிர்காலம் முனகவிடுவதா.
நான்காம் மாடி ஹவெல்கா ஆஸ்பத்திரியில், இடுப்பெலும்பு.
தன் வாக்கை மகன் ஓட்டகருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.
ஓட்டகருக்கு நைட் ஷிஃப்ட்.
அவன் அதை எனக்கு எழுதிக் கொடுத்திருந்தான்.
இரண்டு தாள், இரண்டு கையெழுத்து, இரண்டும் அசல்.

தலைவி ஷிம்கோவா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
அவர் உன்னை அனுப்பினாரா?
அவர் மகனை அனுப்பினார், மகன் என்னை.
அப்படியானால் அவர் உன்னை அனுப்பவில்லை. செல்லாது.

ஹவெல்காவுக்கு லிஃப்ட் வேண்டும் என்பது
அந்த அறையில் தெரியாதவர் இல்லை.
போன மாதம் ஹவெல்காவின் உருளைக்கிழங்கு மூட்டையை
நான்கு மாடி சுமந்ததே ஷிம்கோவாதான்.
ஒரு கை மாறலாம், ராட்மிலா.
இரண்டாவது கைக்குப் போகுமுன்
அவர் வாயால் கேட்டாக வேண்டும்.

நான் சிரித்துவிட்டேன்.
யாரோ திரும்பி முறைத்தார்கள்.

போன் போட்டோம்.
மயக்க மருந்தின் மிச்சத்தோடு
ஸ்பீக்கரில் ஹவெல்காவே பேசினார்:
லிஃப்ட். ஆமாம், லிஃப்ட்.
இங்கே சூப்பில் உப்பே இல்லை.
முதல் பாதி மட்டும் குறிப்பேட்டில் ஏறியது.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஆட்டோவை அழித்தேன்.
அந்த இடத்தில் வகையின் பெயரை முழுசாக எழுதினேன்.
பதிலியே, சொல்ல வந்தது மெய்யா, பொய்யா,
இந்த வரியிலேயே சொல்லிவிட்டுப் போ.
சொன்னது.
மிச்சமிருந்த ஒரு படியைக் கம்பைலர்
கேட்காமலே ஏறிக்கொண்டது.

பிழை பூஜ்யம்.
எச்சரிக்கை ஒன்று: வரி நாற்பதில்
யாரும் தொடாத ஒரு மாறி, கமிலுடையது.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.

லிஃப்ட் இரண்டு வாக்கில் தோற்றதைச்
சொல்ல மறந்துவிட்டேன்.
டிசம்பரில் ஹவெல்கா வீடு திரும்பும்போது
பெட்டியை யாராவது மேலே தூக்க வேண்டும்.
அந்த வேலைக்குப் பதிலி செல்லும்.